குத்துவிளக்குத் தட்டு முழுக்கப் பற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அனுபவப் பகிர்வு

தூண்டுகோல்

மூன்றடி விளக்கு, ஐந்து முகம், ஏற்றி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை ஐந்து சுடரும் தனித்தனியாக நின்று எரிந்தன. அடுத்த பார்வையில் தட்டு முழுக்க ஒரே தீ, உச்சியில் இருக்கும் அன்னத்தையும் தாண்டி ஒரு முழம். வீட்டுப் பெரியவர் பதறவில்லை, எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தார். வைத்தியம் சரிதான். ஆனால் நடுவில் அன்னம் நிற்கிறதே! தாம்பாளம் அதன் தலைமேல் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த இடைவெளி வழியாகத் தீ வெளியே வந்து தாம்பாளத்தின் விளிம்பை நக்கியது. அப்புறம் ஆழமான அன்னக்கூடையைக் கவிழ்த்த பிறகுதான் அடங்கிற்று.

மறுநாள் தட்டைக் கழுவும்போது அடியில் கிடைத்தவை: தீக்குச்சிகள், கருகின திரித்துண்டுகள், விரலில் ஒட்டினால் விடாத கறுத்த பிசுக்கு. அந்தச் சாய்ந்த தாம்பாளம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா?

பித்தளைப்பட்டறை

பழுதுக்கு வருகிற விளக்குகளில் தட்டின் உட்புறம் ஊதாவும் கறுப்புமாகச் சுட்ட தடம் இருந்தால் இந்தக் கதைதான். நாச்சியார்கோயில் வார்ப்பும் வருகிறது, தகட்டில் அடித்த சல்லிசான விளக்கும் வருகிறது. விளக்கின்மேல் குற்றமில்லை.

நல்லெண்ணெய் லேசில் பற்றுகிற சரக்கு அல்ல. 170, 180 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். ஏறக்குறைய 300 டிகிரிக்குப் போனால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி எழும். பாதித் தட்டு எண்ணெய் இருக்கிறவரை அந்தச் சூடு வராது. வற்றி அடியில் ஒரு படலமாக நிற்கும்போதுதான் பித்தளை ஐந்து சுடரின் சூட்டையும் அதற்குள் இறக்குகிறது. அப்போதும் சுத்தமான தட்டாக இருந்தால் பெரும்பாலும் திரி கருகி அணைந்துபோகும், அவ்வளவுதான்.

கெடுப்பது குப்பை. எண்ணெயில் கிடக்கிற தீக்குச்சி, பஞ்சு, பூவிதழ், பழைய திரி நுனி ஒவ்வொன்றும் எண்ணெய் ஊறியதும் ஒரு திரிதான். முகத்தில் எரிகிற சுடருக்கு அடுத்து ஒரு குச்சி கிடந்தால் தீ அதில் தாவும், அதிலிருந்து அடுத்ததற்கு. ஐந்து முகம் ஒன்பது முகமாகும், சூடு ஏறும், பிறகு தட்டே பிடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஊற்றினதன்மேலேயே ஊற்றி இறுகிப்போன பிசுக்கு இதற்கு இன்னும் தோது.

ஏற்றின குச்சியை எண்ணெயில் போடுகிற பழக்கத்தை விட்டாலே பாதி தொல்லை போகும். குச்சி போட ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். தட்டில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும் முன்பே ஊற்றுங்கள், தாரை சுடரைத் தாண்டாமல் தட்டின் நடுவில் விழட்டும். எண்ணெய் ஏற்கனவே புகைகிறதென்றால் ஊற்றாதீர்கள். முதலில் அமர்த்துங்கள், ஆறட்டும்.

அகல்வரிசை

கோயிலில் 108 திருவிளக்குப் பூஜை. குங்கும அர்ச்சனை முடிந்து புஷ்ப அர்ச்சனை நடக்கும்போது ஒருவர் விளக்கில் பூ நேராகத் தட்டுக்குள் விழுந்துகொண்டே இருந்தது. செவ்வந்தி இதழ் எண்ணெயில் மிதந்து போய் முகத்துச் சுடரில் தலையை வைத்ததைக் கண்ணால் பார்த்தோம். ஒரு நொடி பொறி தட்டியது, அடுத்த நொடி இதழ் முழுக்க எரிந்தது. பக்கத்து விளக்குக்கும் இதற்கும் இரண்டடிகூட இல்லை. நடுவில் ஒருவருடைய முந்தானை.

பட்டறைக்காரர் சொல்வது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கலாம்: அர்ச்சனையை விளக்கின் அடித்தட்டுக்கு முன்னால் வைத்த தாம்பாளத்தில் செய்யச் சொல்லிவிட்டால் இதழும் குங்குமமும் எண்ணெய்க்குள் போகாது. தண்டில் சரம் சுற்றுகிறவர்கள் தட்டுக்கு நாலு விரல் கீழேயே நிறுத்திவிட வேண்டும். மல்லிகைச் சரம் ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. வாழைநார் காய்ந்துவிட்டால் அதுவும் எரியும்.

மலையேறிய தீபம்

தாம்பாளம், அன்னக்கூடை எல்லாம் எதற்கு? விளக்கை அமர்த்த நம்மிடம் முறை இருக்கிறது. ஒரு சொட்டுப் பால் விடுவார்கள், இல்லாவிட்டால் பூவால் அமர்த்துவார்கள், சில வீடுகளில் கல்கண்டு. வாயால் ஊதக்கூடாது, அவ்வளவே. உறவுக்காரர் வீட்டில் இதேபோலப் பற்றியபோது கோலமாவை அள்ளிப் போட்டார்கள், உடனே அடங்கியது. எளிய வழி இருக்கும்போது ஏன் பாத்திரம் தேடி ஓட வேண்டும்?

பித்தளைப்பட்டறை

அம்மா, பால் சொட்டு விடுவது ஒற்றைச் சுடருக்கு. தட்டு முழுக்க எரிகிறபோது பாலும் தண்ணீரும் ஒன்றுதான். பாலில் பெரும்பங்கு தண்ணீர். அது எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும், கொதிக்கிற எண்ணெய்க்குக் கீழே சட்டென்று ஆவியாகும். ஆவியானால் தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கிற எரியும் எண்ணெயைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். சுவர், திரை, கை, முகம் எல்லாவற்றிலும் தெறிக்கும். ஒற்றைச் சுடரை அமர்த்தக்கூடப் பால் வேண்டாம் என்பது என் கட்சி. தூண்டுகோலால் திரியின் நுனியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் புகைகூட வராமல் அடங்கும்.

கோலமாவு விஷயம் இன்னும் முக்கியம். எந்தக் கோலமாவு? கல்மாவு என்றால் அது கல்தூள், எரியாது, மண்ணைப் போட்டதற்குச் சமம். அரிசிமாவு என்றால் எரியும். கைநிறைய அள்ளி வீசினால் தூளாகப் பறக்கும்போதே தீப்பிடித்து முகத்துக்கு வரும். மஞ்சள்தூளும் அப்படியே. அந்த வீட்டில் கல்மாவு இருந்தது நல்லகாலம். பூஜையறையில் இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அந்தப் பதற்றத்தில் யார் பார்த்து எடுப்பார்?

நாலாம்கட்டு

ஈரத்துணி போடலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. பார்த்தது அதுதான். கனமான பருத்தித் துண்டு, நனைத்து, நன்றாகப் பிழிந்து, இரண்டாக மடித்தது. தன் பக்கத்து விளிம்பை முதலில் தட்டின்மேல் படியவைத்து, எதிர்ப்பக்கம் நோக்கி விரித்து மூடினார்கள். கைக்குத் தீ திரும்பவில்லை. சொட்டச் சொட்ட இருந்தால் பட்டறை அண்ணன் சொன்ன தண்ணீர்க் கதைதான். பாலியெஸ்டர் கலந்த துண்டு என்றால் உருகி ஒட்டும்.

அன்னத்தின் உயரம் துணிக்கு ஒரு பொருட்டில்லை, அதன்மேல் கூடாரமாகப் படிந்துவிடும். ஆனால் தட்டு அகலமாக இருந்தால் துண்டு எல்லாப் பக்கமும் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்று உள்ளே போனாலும் அணையாது.

செம்புத்தட்டு

இந்தத் தீ விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு முன்னால் நடப்பது எண்ணெய்க் கசிவு. ஒரு வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிந்து விடியும்போது மணைப்பலகை முழுக்க எண்ணெய், அதில் ஊறிய கால்மிதி, அதற்கு அரையடி தள்ளி அகல். எண்ணெய் எங்கேயிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வழிகளில்தான் வரும்.

ஒன்று, திரி. முகத்தைவிட்டு வெளியே நீளமாகத் தொங்கினால் பஞ்சு எண்ணெயை உறிஞ்சிக் கடத்தி, தட்டில் நிற்கிற மட்டத்தைவிடக் கீழே இருக்கிற நுனியில் சொட்டவிடும். எரிந்தாலும் சொட்டும், எரியாவிட்டாலும் சொட்டும். கால் அங்குலத்துக்குமேல் வெளியே நீளக்கூடாது. நீண்டால் சுடரும் பெரிதாகும், கரியும் பிடிக்கும்.

இரண்டு, மறை, அதாவது பாகங்களைத் திருகிப் பூட்டுகிற புரி. பீடம், தண்டு, தட்டு, கொண்டை என்று திருகிச் சேர்க்கிற விளக்குகளில் தட்டின் நடுவில் துளை இருக்கும். அதன் வழியாகத்தான் தண்டும் கொண்டையும் கோக்கும். மறை தேய்ந்திருந்தால் எண்ணெய் அதன் வழியே தண்டின் பொள்ளுக்குள் இறங்கி, அடியில் பீடத்து மூட்டில் வெளிவரும். கண்டுபிடிக்க: விளக்கைத் துடைத்து, ஏற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றி, தட்டின் அடியில் மூட்டைச் சுற்றித் திருநீறு தடவி வையுங்கள். சில மணி நேரத்தில் ஈரக்கோடு காட்டிக்கொடுக்கும். சரிசெய்ய: பருத்தி நூலைத் திருகும் திசையிலேயே மறையில் இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது கழன்று சுருண்டுகொள்ளும். தேன்மெழுகு தடவச் சொல்வார்கள், அது 62, 64 டிகிரியிலேயே உருகும். விளக்கு சூடானதும் மறுபடி கசியும்.

மறை கழலவே மாட்டேன் என்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். காய்ந்த எண்ணெய்தான் பிடித்திருக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, அரை மணி நேரம் ஊறல், பிறகு துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் வரும். அடுப்பில் காட்டிச் சூடேற்றினால் ஈயப்பற்று வைத்த இடம் விட்டுப்போகும்.

அப்படியே துலக்குவதையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சையளவு புளியை இரவு ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, ஒரு கரண்டி கல்லுப்பு. தடவி ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. புளியின் அமிலம் கறுப்பை மட்டும் கரைக்கும்வரை நல்லது. ஊறப்போட்டு மறந்தால் துத்தநாகமும் போய், மேலே செம்பு மட்டும் நின்று விளக்கு இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் போக்கத் திரும்பத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் வேலைப்பாடு மழுங்கும். அலசியதும் சீயக்காய்த்தூள் ஒரு முறை, உடனே துணியால் துடைத்து, பாகங்களைத் தனித்தனியாக வெயிலில் கால் மணி நேரம். பூட்டி வைத்துக் காயவைத்தால் மறைக்குள் ஈரம் தங்கிப் பச்சைக் களிம்பு ஏறும். இரும்பு நார் ஆகாது. தேங்காய் நார் போதும். புது விளக்கில் லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு இருந்தால் புளி அதன்மேல் வேலை செய்யாது, சுடர் பட்ட இடம் மட்டும் பழுப்பாகித் திட்டுத்திட்டாகும்.

தூண்டுகோல்

செம்புத்தட்டு அண்ணா, துலக்குவது பற்றி யாரும் கேட்கவில்லை! ஆனால் திருநீற்றுச் சோதனை நன்றாக இருக்கிறது. மறைக்கு டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பித்தளைப்பட்டறை

பீடத்து மூட்டுக்குச் சுற்றலாம், அங்கே சூடு போகாது. தட்டின் நடுத்துளைக்கு வேண்டாம். 260 டிகிரி வரைதான் அது தாங்கும், அதற்குமேல் வருகிற புகை நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரண நாளில் அந்தச் சூடு வராது. தட்டு பற்றிக்கொண்ட நாளில் வரும். நூலே மேல்.

பஞ்சுப்பொதி

ஒருவர் வாங்கிவந்த ரெடிமேட் திரி எரியும்போது நுனியில் கறுப்பு முத்து கட்டி, அது எரிந்தபடியே முகத்திலிருந்து தரையில் சொட்டியது. தரையில் விழுந்த பிறகும் எரிந்தது. அது பஞ்சு இல்லை, செயற்கை நூல் கலந்தது. புதுக்கட்டு பிரித்ததும் ஒரு திரியை எண்ணெய் படாமல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் கருகிய வாசனை, தொட்டால் உதிர்கிற சாம்பல். செயற்கை என்றால் சுருங்கி, ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத கெட்டி மணி. இவ்வளவுதான் சோதனை.

அகல்வரிசை

என் கதையில் முந்தானை என்று சொன்னேனே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாலாம்கட்டு துண்டு உருகும் என்றார், புடவையும் அப்படித்தான். மெல்லிய சிந்தடிக் புடவை உருகித் தோலில் ஒட்டும். மெல்லிய பருத்தி வேகமாக எரியும். கனத்த பட்டு மெதுவாகக் கருகும், தீயிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். அதற்காகப் பட்டுக்குப் பயமில்லை என்று அர்த்தமில்லை. முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு உட்காருங்கள்.

பற்றிவிட்டால் ஓடக்கூடாது, ஓடினால் காற்றில் இன்னும் எரியும். தரையில் படுத்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஜமுக்காளத்தால் மூட வேண்டும். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயமோ, முகத்தில் காயமோ என்றால் 108.

மலையேறிய தீபம்

பால் விடுவதை எங்கள் வீட்டில் நிறுத்தச் சொன்னால் மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒற்றைச் சுடருக்கு ஒரு சொட்டு விட்டால் லேசாகப் படபடக்கும், அவ்வளவுதான். ஆனால் கல்மாவு, அரிசிமாவு டப்பாக்களைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

தூண்டுகோல்

கடைசியாக அளவைக் கேட்டுவிடுகிறேன். எப்படிப்பட்ட பாத்திரம் வைத்துக்கொள்வது?

பித்தளைப்பட்டறை

கொண்டையின் உயரத்தைத் தட்டின் விளிம்பிலிருந்து அளந்துகொள்ளுங்கள். அன்னம் வைத்த விளக்குகளில் நாலைந்து அங்குலம் இருக்கும். பாத்திரத்தின் ஆழம் அதைவிட இரண்டு அங்குலம் கூட, வாய் தட்டின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் கூட. முகங்களும் உள்ளே அடங்க வேண்டும், அதை மறந்து அளக்கிறவர்கள் அதிகம். எவர்சில்வரோ பித்தளையோ இருக்கட்டும், பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம். மேலிருந்து தொப்பென்று போடாமல் உங்கள் பக்கத்து விளிம்பை முதலில் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் நோக்கிக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த பிறகு எட்டிப் பார்க்கத் தூக்காதீர்கள், சூடு குறையும் முன்பே காற்று உள்ளே போனால் மறுபடி பிடிக்கும். வெளிப்புறம் கை வைக்கிற அளவு ஆறட்டும். எரிகிற விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதும் வேண்டாம், வழியெல்லாம் எண்ணெய் சிந்தும். பாத்திரத்தைப் பூஜையறை அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் எரிகிற விளக்கைத் தாண்டித்தான் எட்ட வேண்டியிருக்கும்.