டெங்கு சுவர் விளம்பரம்: பழைய பாணி இன்னும் எடுபடுமா?

வியாசை_மன்றம்
வியாசர்பாடியில எங்க தெரு மன்றம் சார்பா மழைக்கு முன்னாடி டெங்கு விளம்பரம் பண்ணப் போறோம். 10-க்கு 6 அடி சுவர் ஒண்ணு, ஒரு நாள் ஆட்டோ மைக், அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். சாக்கடை, பெரிய கொசு, மண்டை ஓடு, கீழே "சுத்தம் சுகம் தரும்"னு எழுதச் சொல்றாங்க பெரியவங்க. பசங்க மீம் போதும்ங்கறாங்க. எது எடுபடும்? பெயிண்ட் எவ்ளோ ஆகும்?

மஞ்சப்பை
முதல்ல சாக்கடையை எடுங்க தம்பி. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு தேடுறது தேங்கின நல்ல தண்ணி. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணி பிடிச்சு வெச்ச டிரம்தான் அதுக்கு வசதி. சாக்கடை படத்தைப் பார்த்தா "இது கார்ப்பரேஷன் வேலை"னு எல்லாரும் நகர்ந்துடுவாங்க.

மண்டை ஓடும் வேணாம். எய்ட்ஸ் வந்த புதுசுல அப்படித்தான் பயமுறுத்தினாங்க. நோயாளியை ஒதுக்கி வைக்கத்தான் அது உதவுச்சு. பின்னாடி வந்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம் வெறும் கேள்வி, ஊரே பேசுச்சு. ஆனா அந்தக் கேள்வி மனசுல நின்ன அளவுக்குப் பதில் நிக்கலைங்கறது என் கணிப்பு. மீமுக்கும் அதே ஆபத்து: சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்" காலத்துல அரசு சொல்லும், மக்கள் கேட்டுக்குவாங்க. ரேடியோ, தூர்தர்ஷன், சுவர் தவிர வேற வழியும் அதிகமா இல்ல. 1995-ல் வந்த பல்ஸ் போலியோவைப் பாருங்க: என்ன தேதி, எந்த இடம், எத்தனை சொட்டு, எல்லாமே விளம்பரத்துல இருந்துச்சு. குழந்தை விரல்ல மை வெச்சாங்க, விட்டுப்போன வீட்டுக்கு ஆள் போனாங்க. 2014-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லைன்னு சான்று கிடைச்சுது. வாசகம் மட்டும் அதைச் சாதிக்கல.

உங்க வாசகத்துலயும் ஒரே ஒரு வேலை இருக்கட்டும். கொசு முட்டை தண்ணி மட்டத்துக்கு மேலே டிரம் ஓரத்துல ஒட்டிக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது. அதனால கொட்டினா மட்டும் போதாது, தேய்க்கணும். முட்டை கொசுவாக 8 முதல் 10 நாள் ஆகும்; வாரம் ஒரு தடவை தேய்ச்சா சங்கிலி அறுந்துடும். ஞாயித்துக்கிழமைன்னு எழுதாதீங்க, நிறைஞ்ச டிரம்மை யாரும் கவுக்க மாட்டாங்க. "லாரி வரும் முன் டிரம்மைத் தேய், நிரப்பியதும் மூடு" போதும். ஓரத்துல மாநகராட்சி புகார் எண் 1913 போடுங்க.

தூரிகை_தண்டையார்பேட்டை
சுவர்க்காரர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. 1959-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம பொதுப்பார்வையில இருக்கற சுவர்ல எழுதினா குற்றம்.

கடல் காத்து உப்பு சுவர்ல பூக்கும், பழைய சுண்ணாம்பு மேல அடிச்சா பெயிண்ட் தோலா உரியும். கம்பி பிரஷ்ல சுரண்டிக் கழுவி, நல்லா காயவிட்டு, ஒரு கோட் சிமெண்ட் பிரைமர், ரெண்டு கோட் எக்ஸ்டீரியர் எமல்ஷன். 60 சதுர அடிக்கு எமல்ஷன் ஒண்ணேகால் லிட்டர் வாங்கிக்கோங்க. ஈரச் சுவர்ல எனாமல் அடிச்சா கொப்புளம் கட்டும். செப்டம்பருக்குள்ள முடிச்சுடுங்க.

10 அடி தூரத்துக்கு 1 இஞ்ச் எழுத்துங்கறது கணக்கு. நம்ம எழுத்துல மேலே புள்ளி, கீழே வால் எல்லாம் இருக்கறதால 6 இஞ்ச் வையுங்க, வரிக்கு நடுவுலயும் அதே 6 இஞ்ச் விடுங்க. இல்லேன்னா "மூடு"வோட வால் அடுத்த வரியில இடிக்கும். மஞ்சள் மேல கறுப்பு. சிவப்பு வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும்.

மைக்செட்_ராயபுரம்
ஆட்டோ 10 கி.மீ. வேகத்துல போனா வினாடிக்கு 3 மீட்டர் நகரும். முன்னாடி 40, பின்னாடி 40 மீட்டருக்குப் பேச்சு புரியும்னு வெச்சுக்கோங்க, ஒரு வாசலுக்குக் கிடைக்கறது அரை நிமிஷம்கூட இல்ல. அறிவிப்பு 12 வினாடிக்கு மேல போகக் கூடாது, அப்பதான் ரெண்டு தடவை காதுல விழும். கானா பீட் முதல் 3 வினாடி மட்டும் போடுங்க; கூம்பு ஸ்பீக்கர்ல பேஸ் வராது, இரைச்சல்தான் பேச்சை மூடும். போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது.

ஸ்டேட்டஸை 30 வினாடிக்குள்ள முடிங்க, வசனத்தைப் படத்து மேலயே எழுதுங்க, நிறைய பேர் சத்தம் வெக்காமதான் பாக்கறாங்க. தேதியும் போடுங்க, இல்லேன்னா அடுத்த வருஷமும் அதே ஃபார்வர்டு சுத்தும்.

வியாசை_மன்றம்
நன்றி அண்ணே. நிறைய டிரம்முக்கு மூடியே இல்லையே, பழைய புடவை கட்டச் சொல்லலாமா?

மஞ்சப்பை
சொல்லலாம். ரெண்டா மடிச்சு, சைக்கிள் டியூபால இறுக்கிக் கட்டணும். துணி தொய்ஞ்சு தண்ணியைத் தொடக் கூடாது, ஓரத்துல சந்தும் இருக்கக் கூடாது. சுவர்ல கொசுவுக்குப் பதிலா அந்தத் துணி கட்டின டிரம்மையே பெருசா வரைஞ்சுடுங்க.