செசான் மனைவி படம்: நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் தன் மனைவி ஒர்தான்ஸை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் 29 முறை வரைந்திருக்கிறார். அதில் 1891-இல் வரைந்த, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முகத்தை முட்டை போல வழவழவென்று முடித்திருக்கிறார். மடியில் கோத்த கைகளோ அரைகுறை. உடையின் கீழ்ப்பகுதியிலும் ஆங்காங்கே வெளிர் திட்டுகள். அவை வண்ணமே படாத கித்தானா, இல்லை நீர்த்த பூச்சா? இணையப் பிரதிகளில் நிறம் ஆளுக்கொரு விதமாக இருப்பதால் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். கைப் பகுதியை நெருக்கமாக எடுத்த புகைப்படம் இருந்தால் ரொம்ப உதவி.

அப்புறம், ஒர்தான்ஸ் சிரிக்காததை வைத்து "சிடுமூஞ்சி", "கணவன் மேல் பிரியமில்லாதவர்" என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னை வரைவதற்காக உட்கார்ந்த ஓவிய வியாபாரி வொலார் அசைந்ததற்கே, "ஆப்பிள் அசையுமா?" என்று அதட்டியவர் செசான். அவர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்!

ஒர்தான்ஸைப் பற்றித் தமிழில் விரிவான கட்டுரை ஏதாவது வந்திருக்கிறதா? தெரிந்தால் பத்திரிகை பெயர், இதழ் மாதம் சொன்னால் போதும், நூலகத்தில் தேடிக்கொள்கிறேன்.