‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதினால் ஏன் வெட்டுகிறார்கள்?

குளக்கட்டு (கிளிநொச்சி)
தொண்டு நிறுவனம் ஒன்றில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகக் (வருடத்தின் இரண்டாவது நெற்செய்கைக்கான) கூட்டம் முடிந்த கையோடு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். காலம், ஒருமை பன்மை எல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது இவற்றில் சிவப்புக் கோடு:

வீ டிஸ்கஸ்ட் அபௌட் த வோட்டர் இஷ்யூ.
வீ சஜெஸ்டட் த ஃபார்மர்ஸ் டு சோ (விதைக்க) ஏர்லி.
வீ டொனேட்டட் த ஃபார்மர்ஸ் சீட் பெடி (விதைநெல்).

‘அட்வைஸ்ட் த ஃபார்மர்ஸ் டு சோ’ என்று எழுதினால் மட்டும் விட்டுவிடுகிறார்கள். பொருள் ஏறக்குறைய ஒன்றுதானே? இதற்கு விதி எங்கே இருக்கிறது?

மாங்குளத்தான்
கொழும்பில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. ‘டிஸ்கஸ் அபௌட்’ இங்கே எல்லோரும் சொல்வதுதான், இந்தியாவிலும் சொல்கிறார்கள். விளங்கினால் போதாதா?

ஆங்கில ஆசிரியை (வவுனியா)
பேச்சில் போதும், மாங்குளத்தான். அறிக்கை நிதி கொடுப்பவரின் மேசைக்குப் போகிறது. அங்கே எழுத்து வழக்கைத்தான் பார்ப்பார்கள்.

தம்பி குளக்கட்டு, நீங்கள் தேடும் விதி ஒவ்வொரு வினைச்சொல்லோடும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது என்கிறோம். மாற்றிச் சொன்னால் இலக்கணம் இடம் கொடுக்கும், காது கொடுக்காது. ஆங்கிலத்திலும் ரெயின் ‘ஹெவி’, விண்ட் ‘ஸ்ட்ரோங்’.

‘டிஸ்கஸ்’ செயப்படுபொருளை நேரே எடுக்கும்: டிஸ்கஸ்ட் த வோட்டர் இஷ்யூ. ‘அபௌட்’ அதன் பெயர்ச்சொல்லுக்கு உரியது: எ டிஸ்கஷன் அபௌட் வோட்டர். ‘ரிக்வெஸ்ட்’ என்பதும் இப்படித்தான். பெயராக வந்தால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபோர் வோட்டர்’, வினையாக வந்தால் ‘ரிக்வெஸ்டட் வோட்டர்’. உங்கள் அடுத்த கோடு அங்கேதான் விழும்.

‘அட்வைஸ்’, ‘டெல்’, ‘என்கரேஜ்’, ‘பெர்சுவேட்’ ஆகியவை ஆளையும் அதற்குப் பின் ‘டு’ வினையையும் ஏற்கும். ‘சஜெஸ்ட்’ அப்படி ஏற்காது. ‘சஜெஸ்டட் தட் த ஃபார்மர்ஸ் சோ ஏர்லி’ அல்லது ‘சஜெஸ்டட் சோயிங் ஏர்லி’ என்று எழுதுங்கள். ஆள் அவசியமென்றால் ஆளுக்கு முன்னால் ‘டு’ போட வேண்டும்: சஜெஸ்டட் டு த ஃபார்மர்ஸ் தட். ‘எக்ஸ்பிளைன்’, ‘மென்ஷன்’, ‘டிஸ்கிரைப்’ மூன்றுக்கும் ஆள் ‘டு’வோடுதான் வருவார். ‘எக்ஸ்பிளைன் மீ’ என்பதை நம் வகுப்பறைகளில் எத்தனை வருடம் திருத்தினாலும் அது சாகாது!

மூன்றாவது: ‘கிவ்’ பழைய ஆங்கிலச் சொல், இரண்டு செயப்படுபொருளைத் தாங்கும். ‘டொனேட்’ போல லத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் தாங்குவதில்லை, விலக்குகள் உண்டு. எனவே ‘கேவ் த ஃபார்மர்ஸ் சீட் பெடி’ அல்லது ‘டொனேட்டட் சீட் பெடி டு த ஃபார்மர்ஸ்’.

மாங்குளத்தான்
சரி, இதையெல்லாம் ஒருவர் எங்கே போய்ப் பார்ப்பது?

ஆங்கில ஆசிரியை (வவுனியா)
கற்போருக்கான அகராதியில். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியிலேயே வினைகளின் அமைப்புகளை வகை பிரித்துக் கொடுத்தார். இன்றைய அகராதிகளில் ‘சம்பொடி’, ‘சம்திங்’ என்பவற்றின் சுருக்கங்கள் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் அந்த வரியையும் எடுத்துக்காட்டையும் பாருங்கள். தமிழ்ப் பொருள் மட்டும் தரும் கையடக்க அகராதி இதற்கு உதவாது.

குளக்கட்டு (கிளிநொச்சி)
நன்றி ரீச்சர். ‘புரொவைட்’, ‘டிஸ்ட்ரிபியூட்’ இரண்டும் எங்கள் அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அவை?

ஆங்கில ஆசிரியை (வவுனியா)
புரொவைடட் த ஃபார்மர்ஸ் வித் சீட் பெடி. ‘வித்’தை விடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டட் சீட் பெடி டு த ஃபார்மர்ஸ்; ‘அமங்’ என்றாலும் சரி.