சனிக்கிழமை இடிமழையில் மாட்டிக்கொண்ட கதைகள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து:
நம் மலேசியாவில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. போன வருடம் ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை, தங்கைக்கு நிச்சயம். வீட்டு வாசலில் கெமா (கூடாரப் பந்தல்) போட்டிருந்தோம். வார இறுதிக்கு வானிலைத் துறை சொன்னது, "மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை." ஓரிரு இடம்தானே, நம் தாமானாகவா (குடியிருப்பாகவா) இருக்கப் போகிறது என்றார் மாமா. மூன்றரை மணிக்குச் சில்லென்று ஒரு காற்று. மழை மேகத்திலிருந்து கீழே இறங்கி முன்னால் ஓடிவரும் காற்று அது. அடுத்த ஐந்து நிமிடத்தில் கெமா பக்கத்து வீட்டுக் கார்மேல் கிடந்தது. பெரியம்மா மட்டும் நிதானம்: "மாப்பிள்ளை வீட்டாரை அப்புறம் பார்க்கலாம், முதலில் லட்டுத் தட்டை உள்ளே எடுங்கடா!"

அன்றுதான் அந்த வாசகத்தைக் கவனித்துப் படிக்கப் பழகினேன். "ஓரிரு", "சில", "பெரும்பாலான" என்ற சொற்கள் மழை எவ்வளவு பரவலாக இருக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அல்ல. ஓரிரு இடத்து மழையும் கூரையைப் பிய்க்கும். நேரமும் இடமும் தெரிய வேண்டுமென்றால் அன்றைய இடிமழை எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் எங்கள் கதிதான்.

பூச்சோங்கிலிருந்து, தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன்:
அண்ணே, எனக்குக் கெமா இல்லை, மேம்பாலம். கொட்டும் மழையில் பாலத்தடியில் இருபது பேர் நின்றோம், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு. பின்னால் வந்த லாரி தடுமாறி, எங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. இப்போது மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுவேன். மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழுந்தாலே பெட்ரோல் எண்ணெய்க் கடைக்குள் ஒதுங்கிவிடுவேன்; கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் நகர்வதில்லை. முதலாளி திட்டுவார், சரி.

பட்டர்வொர்த்திலிருந்து:
உங்களுக்கு மாலையில், எங்களுக்கு விடியற்காலையில். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுப் பக்கம் இரவில் திரளும் இடிமேகம் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். சுமத்ரா காற்று என்போம். ஐந்து மணிக்கு ஜன்னல் படபடவென்று அடிக்கும், எட்டு மணிக்கு வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தீவுக்குப் பெர்ரி ஏறப் போனவர்கள், எதிர்க்கரை கண்ணிலிருந்து மறைந்ததைப் பார்த்து, திரும்பி மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டோம்.

மீண்டும் செந்தூல்:
சொல்ல மறந்துவிட்டேன், அன்று மோடமும் போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னது மாமாதான். பிடுங்கியது டிவி பிளக்கை.