ஆரைஷி பக்கம் வீடு பார்க்கறீங்களா? முதல்ல அடுப்பைப் பாருங்க

லாட்வியா தலைநகர் ரீகாவுல வாடகை கட்டி மாளல, செசிஸ் நகரத்துப் பக்கம் ஆரைஷி மாதிரி கிராமத்துல வீடு கிடைக்குது, போகலாமான்னு கேட்டிருந்தீங்க தம்பி. ஆரைஷியில ரெண்டு குளிர்காலம் ஓட்டினவன்ங்கிற முறையில சொல்றேன்.

ஊர் அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஒரு ஏரி, ஒரு பழைய காற்றாலை, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மரக்குடியிருப்பை ஏரியிலிருந்து தோண்டியெடுத்து அதே மாதிரி திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. ரீகா ரயில் நிக்கும், ஆனா நாளைக்குச் சில வண்டிதான். சாமான் வாங்க செசிஸ் போகணும்.

வீட்டைப் பார்க்கப் போனா சன்னல், ஏரிக்காட்சி எல்லாம் அப்புறம். பல வீடுகள்ல விறகடுப்புதான் சூடு. விறகை வசந்தத்துலயே வாங்கி, பிளந்து, காத்தாட அடுக்கிடணும். நான் அக்டோபர்ல ஈர விறகு வாங்கினேன். புகை வந்துச்சு, சூடு வரல. ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க, காஞ்சது கணீர்னு கேட்கும்.

அதைவிட முக்கியம் புகைபோக்கி அடைப்புப் பலகை, அதாவது நெருப்பு அடங்கினதும் சூடு வெளிய போகாம புகைபோக்கியை மூடற தகடு. சூடு வீணாகுதேன்னு சீக்கிரம் மூடிட்டேன். நடுராத்திரி தலை வெடிக்கற மாதிரி வலி, எழுந்து கதவைத் திறந்ததால தப்பிச்சேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி அடுப்பைத் திறந்து, கங்குமேல ஆடற நீலச் சுடரைக் காட்டி விரலை ஆட்டினாங்க. அந்த வாயு எரியறதுதான் அது. அந்த நீலம் அடங்கற வரைக்கும் பலகையில கை வைக்காதீங்க. புகை அலாரம் இங்க சட்டப்படி கட்டாயம். ஆனா இந்த வாயுவுக்கு அது கத்தாது, தனிக் கருவி வாங்கி மாட்டுங்க. ஆம்புலன்ஸ் 113.

(நல்லதும் உண்டு: ராத்திரி அடுப்புச் சுவரோரம் பாத்திரத்தை வச்சா விடியறதுக்குள்ள தயிர் கெட்டியா உறைஞ்சிடும்.)

டிசம்பர்ல பகல் ஏழு மணி நேரம்கூட இல்ல. சாலை விளக்கு இல்லாத இடத்துல நடக்க ஒளி எதிரொலிக்கற பட்டையோ அங்கியோ போட்டே ஆகணும், சட்டம் அது. அக்கம்பக்கத்துக்காரங்க தானா வந்து பேச மாட்டாங்க, கோபம்னு நினைச்சுக்காதீங்க. 'லப்டியென்'னு (வணக்கம்னு அர்த்தம்) நீங்களே முதல்ல சொல்லுங்க. ஜூன் 23 ராத்திரி, கோடைத் திருவிழாவுக்கு, நெருப்பு மூட்டி சீரகம் மாதிரி வாசனையுள்ள பாலாடைக்கட்டியோட கூப்பிட்டா கட்டாயம் போங்க.

கோடையில காளான் பொறுக்கப் போகற ஆசை உங்களுக்கும் வரும். காட்டுப் புல்லுல உண்ணி இருக்கும், மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். தடுப்பூசி மூணு தவணை. முதல் ஊசியை ஜனவரியில போட்டுட்டா, உண்ணி கிளம்பறதுக்குள்ள ரெண்டாவதும் முடிஞ்சிடும்.