486 போட்டில பேரில்லாத கேஷ் சிப்: அரிய பதிப்பா, ஏமாத்தா?

கல்முனை_தகரம்:
பழைய இரும்புக் கடையில எடுத்த, 486 ப்ரொசசர் பூட்டுற மதர்போட் ஒண்டு இரிக்கு. ப்ரொசசருக்கு சொக்கட் 3, கார்ட் சொருக வீஎல்பி ஸ்லொட். இதே மொடல் காத்தான்குடிக் கூட்டாளியிட்டயும் இரிக்கு. அவன்டதில கேஷ் சிப்ப (ப்ரொசசருக்கு உதவுற சின்ன வேக மெமரி) கழட்டிப் பூட்டலாம். என்டதில ஒம்பதும் நேரா சோல்டர் பண்ணினது. கம்பனிப் பேர் இல்ல, ‘ரைட் பேக்’ எண்டு மட்டும் அச்சு. பின்பக்கம் நீல வயர் ஒண்டும் ஓடுது. பயோஸ் (போட் தொடங்கக்குள்ள ஓடுற புரோகிராம்) கேஷ் 256 கேபி எண்டு காட்டுது. இது தனிப் பதிப்பு, அந்த விலைக்குத்தான் குடுப்பன்.

வாவிக்கரை:
தம்பி, அசல் சிப் எண்டா 61256 மாதிரி நம்பரும் செய்த கிழமையும் இரிக்கும். 9523 எண்டா 1995, 23ஆம் கிழமை. 90களின்ட நடுவில உள்ள ஒண்டுமில்லாத பிளாஸ்டிக்க ஒட்டி, பயோஸையும் பொய் சொல்லப் பண்ணி வித்த போட்டுகள் கனக்க. திருப்பிப் பாருங்க, ட்ராக் (போட்டில ஓடுற செம்புக் கோடு) போட்ட நடத்துற சிப்செட் வரைக்கும் போகுதா, சும்மா சிப்புக்குச் சிப் சுத்துதா எண்டு.

கல்முனை_தகரம்:
எங்க சுத்தினாலும் ஒட்டினது கம்பனிதானே அண்ணன்? பொய்யும் ஃபெக்டரிப் பொய்தான். ஐபிஎம் பீசீயையே 16-64 கேபி போட், 64-256 கேபி போட் எண்டு பிரிச்சுத்தானே சேக்கிறாங்க?

வாவிக்கரை:
அந்த ஐபிஎம் பீசீ 5150 கதை வேற. அதில மெமரிச் சிப்பே 16 கிலோபிட்டில இருந்து 64 கிலோபிட்டுக்கு மாறினது. 1982 ஒக்டோபர் 27 திகதி போட்ட பயோஸ் வந்த பிறகுதான் கார்ட்டில இருக்கிற ரொம்ம (புரோகிராம் பதிஞ்ச சிப்) தேடி, ஹார்ட் டிஸ்க் பூட்ட வழி வந்தது. மாத்தினதுக்கு ஒரு வேலை இருந்தது. உங்கட போட்டில பயோஸுக்குப் போய் வெளிக் கேஷ நிப்பாட்டிப் பாருங்க. வேகம் குறையாட்டி அங்க கேஷே இல்ல. டொஸ்ஸில கேஷ்செக் எண்ட சோதனைப் புரோகிராம ஓட்டினாலும் தெரியும்: ப்ரொசசர் 486 டிஎக்ஸ்2 எண்டா, அதுக்குள்ள இருக்கிற 8 கேபி கேஷுக்குப் பிறகு வேகம் ஒரு படி, 256க்குப் பிறகு இன்னொரு படி இறங்கோணும்.

ஈயப்புகை:
சிப் சண்டைய நீங்க பிடிங்க. நான் அந்த வயரப் பத்திக் கேக்கன். கீபோட் பூட்டுற மூலையில தொடங்குதா? அங்கதான் உருளை நிக்கல்-கட்மியம் பற்றரி இரிக்கிற. அது ஒழுகினா பச்சையாப் பூத்து ட்ராக்கத் திண்டுரும், எங்கட உப்புக் காத்தும் சேந்தா கேக்கவே வேணாம். திண்ட ட்ராக்குக்குப் பதிலா வயர் இழுக்கிறது நாங்க கடையில செய்யிற வேலை. சோல்டருக்குப் பக்கத்தில கழுவாத ஃப்ளக்ஸ் (சோல்டர் பிடிக்கத் தடவுற பசை) மஞ்சளா நிண்டா அது ஃபெக்டரி வேலை இல்ல. விளக்கச் சாய்ச்சுப் பிடிச்சுப் பின்பக்கம் படம் போடுங்க. பற்றரி இன்னும் இரிந்தா முதல்ல வெட்டி எடுங்க.

கல்முனை_தகரம்:
மூலையிலதான் தொடங்குது காக்கா. வயர் கணக்க விடுறன். ஆனா விலைய விடமாட்டன், பொய்க் கேஷ் எண்டே தேடி வாங்கிற ஆக்கள் இரிக்காங்க.

வாவிக்கரை:
தாராளமா வில்லுங்க. விளம்பரத்தில ‘256 கேபி’ எண்டு எழுதினத அழிச்சிட்டு வில்லுங்க.

கல்முனை_தகரம்:
பயோஸ் காட்டுறதத்தான் எழுதினன்.

ஈயப்புகை:
படம் இன்னும் வரல்ல.