உதவி தேவை: எட்டுத் துளைக் காகித நாடாவிலிருந்து கிணற்று நீர்மட்ட அளவுகளை மீட்பது எப்படி?

கிணற்றடி (மல்லேசுவரம், பெங்களூரு):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1973 முதல் 1975 வரை பெங்களூரைச் சுற்றியிருந்த பத்துத் திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து வந்தார். அந்தக் கிணறுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அளவுகளைக் குறித்த தாள்கள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன. எஞ்சியிருப்பது அவற்றை டெலிடைப் இயந்திரத்தில் (தட்டும் எழுத்துகளை நாடாவில் துளைகளாகப் பதியும் தட்டச்சுக் கருவி) தட்டி எடுத்த, 65 அடி நீளமுள்ள காகித நாடாச் சுருள் ஒன்றும், பதிவின் அமைப்பை அப்பா எழுதி வைத்த ஒரு தாளும்தான். ஒவ்வொரு பதிவிலும் வார எண் மூன்று இலக்கம், பத்துக் கிணறுகளுக்கும் தரையிலிருந்து நீர் வரையிலான ஆழம் சென்டிமீட்டரில் நான்கு நான்கு இலக்கம், இறுதியில் அந்தப் பத்தின் கூட்டுத்தொகை ஐந்து இலக்கம் என மொத்தம் 48 எழுத்துகள் இருக்க வேண்டும்.

நாடாவை ஒளிப்பலகையின் மீது பரப்பிப் படமெடுத்து, துளைகளைப் பைத்தான் நிரலால் படித்தேன். இரட்டைப்படை பாரிட்டி (ஒவ்வோர் எழுத்திலும் துளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற சோதனை) என்பதும் ஆஸ்கி குறியீடு (ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) என்பதும் உறுதியாகிவிட்டன. 156 பதிவுகளில் 119 பிழையின்றி வந்தன. மீதி 37-இல், 22 பதிவுகள் 49 அல்லது 50 எழுத்துகள் கொண்டவையாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பாரிட்டிக் குறை எதுவுமில்லை. ஒன்பதில் பாரிட்டி தவறுகிறது. ஆறில் நீளமும் பாரிட்டியும் சரியாக இருந்தும் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. ஊகித்துத் திருத்த மனம் வரவில்லை. முறையாக மீட்க வழி உண்டா?

பழைய டெலிடைப் (ஜெயநகர்):

வணக்கம் அம்மா. நான் பல ஆண்டுகள் தரவுப் பதிவு அறையில் ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்பின் முன் உட்கார்ந்திருந்தவள் என்பதால் உங்கள் 22 பதிவுகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மிகுதியாக வரும் எழுத்துகளின் மதிப்பு 127 தானா என்று பாருங்கள். காகிதத்தில் விழுந்த துளையை அடைக்க முடியாது. ஆகவே தவறாகத் தட்டியதை உணர்ந்தவுடன், துளையிடும் பகுதியில் இருக்கும் பின்னகர்த்தும் பொத்தானை அழுத்தி நாடாவை ஓர் எழுத்து பின்னுக்கு இழுத்து, ரப்அவுட் விசையைத் தட்டுவோம். அது எட்டுத் தடங்களிலும் (நாடாவின் நீளவாக்கில் துளைகள் விழும் வரிசைகள்) துளையிட்டு, அடியில் இருந்த எழுத்தை மூடிவிடும். பிறகு சரியான எழுத்தைத் தட்டுவோம். ஆஸ்கியில் அழிப்புக் குறிக்கு ஏழு பிட்டுகளும் ஒன்றாக அமைந்த 127 என்ற எண் ஒதுக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். எட்டுத் துளை என்பது இரட்டைப்படை எண்ணாகையால் பாரிட்டிச் சோதனையில் அது சிக்காது. உங்கள் நிரல் அதை ஓர் எழுத்தாக எண்ணியதால் பின்னுள்ள இலக்கங்கள் அனைத்தும் ஓரிடம் தள்ளிப் போயிருக்கும். பதிவுகளை வெட்டிப் பிரிப்பதற்கு முன்பே எட்டுத் துளை வரிசைகளை நீக்கிவிடுங்கள். ஆனால் எந்த இடத்தில் நீக்கினீர்கள் என்பதைத் தனியே குறித்து வையுங்கள்.

இரட்டைப்படை (இந்திராநகர்):

அம்மையார் கூறியது மிகச் சரி. பாரிட்டி தவறும் ஒன்பது பதிவுகளுக்கு என் யோசனை இது. பாரிட்டி பிழை உண்டு என்று மட்டுமே சொல்லும். எந்தத் துளை என்று சொல்லாது. ஆனால் உங்களிடம் கூட்டுத்தொகை என்ற இரண்டாவது சாட்சியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பிழையின் இடமும் அளவும் தெரிந்துவிடும். தனித்தனிச் சோதனைகள் சந்திக்கும் புள்ளியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிப்பதோடு திருத்தவும் முடியும் என்பதே 1950-இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட கட்டுரையின் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டு. 7 என்ற இலக்கத்துக்கு 1, 2, 3, 5, 6, 8 ஆகிய தடங்களில் துளை விழும். இரண்டாம் தடத்தின் காகிதப் பொட்டு முழுதாக விடுபடாமல் தொங்கினால், படமெடுக்கும்போது அந்தத் துளை மறைந்து, எஞ்சிய ஐந்து துளைகள் பாரிட்டியில் தவறும். பாரிட்டிக்கான எட்டாவது தடத்தை ஒதுக்கிவிட்டுப் படித்தால் அதுவே 5 ஆகிவிடும். 0874 என்பது 0854 ஆகும். பார்வைக்கு இரண்டும் நம்பத்தக்க ஆழங்கள்தாம். ஆனால் அச்சமயம் பத்து அளவுகளையும் கூட்டினால் நாடாவில் உள்ள தொகையைவிடச் சரியாக 20 குறையும். பாரிட்டி பத்தாமிடத்தைக் காட்ட, தொகை 2 குறைவதாகக் காட்ட, விடை 7 என்று வந்துவிடுகிறது.

எண்கள் மட்டும் உள்ள நாடாவில் 5, 6-ஆம் தடங்கள் இடைவிடாத இரண்டு கோடுகளாக ஓடும் என்பதையும் கவனியுங்கள். அந்தக் கோட்டில் எங்கேனும் இடைவெளி தெரிந்தால், வரி முடிவுக் குறிகளைத் தவிர, அது பிழையே.

பழைய டெலிடைப்:

எஞ்சிய ஆறும் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் விரல் பிழைகளாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினால் பாரிட்டி எதையும் காட்டாது. ஆனால் தொகையில் வரும் வேறுபாடு எப்போதும் 9-ஆல் வகுபடும். கணக்குப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த வழி இது. வேறுபாடு 27 என்றால், ஒன்றாமிடத்திலும் பத்தாமிடத்திலும் தம்முள் 3 வித்தியாசமுள்ள இலக்கங்களைத் தேடுங்கள். ஒரு கிணற்றில் முந்தைய வாரம் 0941, அடுத்த வாரம் 0952, நடுவில் 0974 என்றிருந்தால், அது 0947 ஆக இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கிணறுகள் பொருந்தினால் தயவுசெய்து திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

இரட்டைப்படை:

9-ஆல் வகுபடாதவற்றுக்கு இரண்டு சாத்தியங்கள் தோன்றுகின்றன. ஒரே எழுத்தில் இரண்டு துளைகள் மறைந்தால் பாரிட்டி ஏமாந்துவிடும். 1, 2-ஆம் தடங்கள் இரண்டும் மறைந்தால் 7 என்பது 4 ஆகும், 3 என்பது 0 ஆகும். வேறுபாடு சரியாக 10, 100 என்று வந்தாலோ, தாளில் கையால் கூட்டியபோது மிச்சம் கொண்டு செல்ல மறந்திருக்கக்கூடும். அப்படியானால் அளவுகள் சரி, தொகைதான் தவறு. சோதனைக்கென வைத்த எண்ணும் பிழைபடக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

கிணற்றடி:

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. 127-ஐ நீக்கியதும் 22 பதிவுகளும் 48 எழுத்துகளாகி, தொகையும் பொருந்தின. பாரிட்டி தவறிய ஒன்பதில் எட்டு, தொகையின் துணையால் ஐயமின்றி மீண்டன. ஒன்பதாவதில் இரண்டு எழுத்துகள் தவறியிருந்ததால் உருப்பெருக்கியின் கீழ் நாடாவையே பார்த்தேன். இரண்டு இடங்களிலும் பொட்டுகள் ஒரு நார் அளவுக்கு ஒட்டிக்கொண்டு, கதவு போல மூடிக் கிடந்தன. தொடுவதற்கு முன் படமெடுத்துக்கொண்டேன்.

ஆறில் நான்கு 9-ஆல் வகுபட்டன. அவற்றுள் மூன்றுக்கு ஒரே கிணறுதான் பொருந்தியது. 112-ஆம் வாரத்துக்கு இரண்டு கிணறுகள் பொருந்துவதால் அதை ஐயத்துக்குரியதாகக் குறித்து விட்டுவிட்டேன். ஒன்றில் வேறுபாடு 30. நீங்கள் சொன்னபடியே 7 ஒன்று 4 ஆகியிருந்தது. மற்றொன்றில் சரியாக 100. பத்து அளவுகளும் முன்பின் வாரங்களோடு இயைந்திருப்பதால் அவற்றைத் தொடவில்லை. படித்த எண், திருத்திய எண், திருத்தியதற்கான காரணம் ஆகிய மூன்றையும் அட்டவணையின் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வைத்திருக்கிறேன்.

பழைய டெலிடைப்:

மிக்க மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: நாடாவை மீண்டும் இறுக்கிச் சுற்றாதீர்கள். தொங்கும் பொட்டுகள் அடுத்த சுற்றில் அழுந்தி வேறு துளைகளையும் மூடிவிடும்.